ஸ்பூல் ஆசை

அம்மையார்குப்பத்தில் வீட்டுக்குள் ஒலிப்பதிவு அறை அமைக்க நினைப்பவர், மைக் வாங்குவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுத் தறி எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி, திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊர் நெசவை நம்பிய ஊர். விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் நாடா பாயும்போது எழும் தடதடப்பு காற்று வழியாக மட்டும் வருவதில்லை; தரை வழியாகவும் வந்து மைக் ஸ்டாண்டின் காலைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் தறி நிற்கும், தெரு அமைதியாகும். அப்போது ரெக்கார்டரும் நின்றிருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பழைய மல்டிடிராக் டேப் ரெக்கார்டர் வாங்கலாமா? கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் உலகெங்கும் வீட்டு ஸ்டுடியோ வைத்திருப்பவர்களிடம் இந்த ஆசை சில காலமாகத் திரும்பியிருக்கிறது. கம்ப்யூட்டரில் எல்லாம் சுலபமாகிவிட்ட பிறகு, சுற்றும் ஸ்பூலையும் ஆடும் முள்ளையும் பார்த்துக்கொண்டே பதிவு செய்யும் சுகம் வேண்டும் என்கிறார்கள். ஒலியில் ‘கதகதப்பு’ இருக்கிறது என்கிறார்கள். அந்தப் பேச்சு யூடியூப் வழியாக எந்தத் தெருவுக்கும் வந்துவிடும். வந்தால் என்ன பதில் சொல்வது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த ஆசை முழுக்கப் பொய்யில்லை.

முதலில் இந்த மெஷின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரண டேப் ரெக்கார்டர் வருகிற ஒலியையெல்லாம் ஒன்றாகப் பதியும். மல்டிடிராக் மெஷின் ஒரே டேப்பின் அகலத்தை நான்காக, எட்டாக, இருபத்துநான்காகப் பிரித்து ஒவ்வொரு கோட்டிலும் ஒரு குரலையோ வாத்தியத்தையோ தனியாக வைக்கும். இன்று மிருதங்கம், நாளை ஆர்மோனியம், மறுநாள் பாட்டு. சொல்லும்போது எளிது. செய்யும்போது ஒரு சிக்கல் இருந்தது. பழைய டிராக்கைக் கேட்டுக்கொண்டே புதியதைப் பாட வேண்டும். ஆனால் கேட்கும் ஹெட்டும் பதியும் ஹெட்டும் ஓரிரு அங்குலம் தள்ளி இருக்கும். அந்த இடைவெளியை டேப் கடக்கும் நேரத்துக்குள் தாளம் பிசகிவிடும். பதியும் ஹெட்டையே கேட்கும் ஹெட்டாகவும் பயன்படுத்தி ஆம்பெக்ஸ் நிறுவனம் அதைத் தீர்த்தது. அந்த முறையில் செய்த எட்டு டிராக் மெஷினை 1957-இல் கிதார் கலைஞர் லெஸ் பால் பத்தாயிரம் டாலர் கொடுத்துத் தன் வீட்டுக்கே வாங்கிக்கொண்டார். எட்டு டிராக்கின் சரித்திரம் தொடங்கியதே ஒரு வீட்டு ஸ்டுடியோவில்தான்.

நம் பக்கத்தில் இதற்கு இணையாகச் சொல்ல வேண்டிய வீடு கோடம்பாக்கத்தில் இருக்கிறது. ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவை அமைத்தார். அறை தயார், கம்பளம் விரித்தாயிற்று, ஏசியும் மாட்டியாயிற்று. உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணம் இல்லை. தாயார் தந்த நகையை அடகு வைத்துத்தான் முதல் ரெக்கார்டர் வந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வின் பாடல்கள் அந்த ஸ்டுடியோவில் உருவானவை. அதற்குச் சில ஆண்டுகள் முன்வரைகூடச் சென்னையில் பெரும்பாலான திரைப்பாடல்கள், பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகக் கூடி ஒரே மூச்சில் பாடிப் பதிந்தவை. வீட்டு அறையில் ஒவ்வொரு வாத்தியமாக அடுக்கிப் பாட்டுக் கட்டும் பழக்கம் தமிழுக்குள் பரவியதில் அந்த அடகு நகைக்கும் பங்கு உண்டு.

இதைக் கேட்பவர், ‘பார்த்தீர்களா, ரெக்கார்டர் வாங்கியதால்தானே’ என்று முடிவு கட்டலாம். நான் இந்தக் கதையிலிருந்து எதிர் முடிவுக்கு வருகிறேன். 1989-இல் வீட்டு ஸ்டுடியோக்காரர் பல டிராக்கில் பதிய வேண்டுமென்றால் டேப்பை விட்டால் கையில் எட்டக்கூடிய வழி வேறு இல்லை. அவர் வாங்கியது அன்றைய புதிய கருவி. பழமையின் வாசனைக்காக வாங்கியதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். டாஸ்காம் நிறுவனம் 1979-இல் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரணக் கேசட்டில் நான்கு டிராக், கூடவே ஒரு சின்ன மிக்ஸர். பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் தன் படுக்கையறையில் உட்கார்ந்து அதில் பாடிவைத்தார். பிறகு இசைக்குழுவோடு பெரிய ஸ்டுடியோவில் பதிந்து பார்த்தும் திருப்தி வராமல், அந்தக் கேசட்டே அதே ஆண்டு ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தது. கேசட்டிலிருந்து இசைத்தட்டுக்கு மாற்ற இன்ஜினியர்கள் பட்ட பாடு தனிக் கதை. அவரும் டேப்பின் கதகதப்பைத் தேடிப் போகவில்லை. பாட்டு மறந்துபோவதற்குள் பிடித்து வைக்க மலிவான பெட்டி ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். இந்த முன்னோடிகளைப் பின்பற்ற நினைப்பவர், அவர்கள் வாங்கிய பொருளையே வாங்க வேண்டியதில்லை. தன் காலத்தில் கைக்கு எட்டும் கருவியை வாங்கினாலே அவர்கள் வழியில்தான் போகிறார்.

நெசவு ஊர் என்பதால் இன்னொரு வாதமும் உடனே வரும்: டேப் என்பது கைத்தறி, கம்ப்யூட்டர் என்பது விசைத்தறி என்று. கேட்க அழகாக இருக்கிறது; பொருந்தவில்லை. கைத்தறியில் நெய்பவரின் கையும் காலும் துணியில் நேரடியாக இறங்குகின்றன. டேப் மெஷினில் பாடுபவரின் கை எங்கே இருக்கிறது? மூன்று மோட்டார், ரிலே, பெல்ட், மின்சுற்று என்று அது தன் காலத்து விசைத்தறியாகவே இருந்தது. ஒரே மூச்சில் பாடிய கூட்டுக் கச்சேரியைத் துண்டுகளாக வெட்டித் தனித்தனியாக ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அதுதான். கைத்தறியை எங்கே தேடுவது என்றால், நாலு பேர் ஒரு மைக் முன்னால் உட்கார்ந்து ஒன்றாகப் பாடும் இடத்தில் தேடலாம்.

இனி ஒலிக்கு வருவோம். இங்கேதான் விற்பவர்களின் பேச்சும் உண்மையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

டேப்பில் கொஞ்சம் அதிக அழுத்தத்தோடு ஒலியை ஏற்றினால் அது சட்டென்று உடையாது; மெல்ல அமுங்கும். டிஜிட்டலில் எல்லையைத் தாண்டிய கணமே கரகரவென்று வெடிக்கும். ஆகவே அடி வாத்தியங்களுக்கு டேப் நல்லது என்பது உண்மை. மிருதங்கத்தின் தொப்பி, பம்பை, தவில் இவற்றின் முதல் அடியைக் கூர் மழுக்கி, பின்வரும் நாதத்தைச் சற்றுத் தூக்கிக் காட்டும். திருத்தணிப் பக்கத்துக் காவடி மேளத்தைப் பதிபவருக்கு இந்தக் குணம் நிச்சயம் பிடிக்கும்.

அதே டேப் கைத்தாளத்துக்குக் கொடுமை செய்யும். ஜால்ரா போன்ற உலோக வாத்தியங்களின் மேல்சுரம் டேப்பில் சீக்கிரமே நிரம்பிவிடும். நிரம்பியபின் கூர்மை மங்கி ‘சிங்’ என்ற ஒலி ‘சக்’ என்று கேட்கும். டேப்பின் வேகம் குறையக் குறைய இது மோசமாகும். அடுத்தது சுருதி. எந்த டேப் மெஷினிலும் வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் உண்டு. கிதாரும் டிரம்ஸும் அதை மறைத்துவிடும். விடாமல் நீளும் ஒரே சுரத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். நம் இசையில் அடிவாரமாக இருப்பதே நீளும் சுரம்தானே: தம்புரா, சுருதிப் பெட்டி, ஆர்மோனியத்தில் அழுத்திப் பிடித்த ஆதார ஷட்ஜம். டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் தேய்ந்துபோன மெஷினில் சுருதிப் பெட்டியைப் பதிந்து கேட்டால், பாடகரின் கமகம் எது, மெஷினின் கமகம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியை மாயாமாளவகௌளையில் பாடிய மலை திருத்தணி. அந்த மலையடியில் சுருதி நடுங்கும் மெஷினுக்கு இவ்வளவு பணமா என்று கேட்கத் தோன்றுகிறது. வெளிநாட்டில் எழுதப்படும் டேப் புகழுரைகள் ராக் இசையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தம்புராவை வைத்து அந்தப் புகழுரைகளைச் சோதித்துப் பார்த்தவர் குறைவு.

இரைச்சலையும் சொல்லிவிட வேண்டும். அரை அங்குல டேப்பில் எட்டு டிராக், வினாடிக்கு 15 அங்குல வேகம் என்ற நல்ல நிலையில்கூட, இரைச்சல் குறைப்புச் சுற்று இல்லாவிட்டால், டேப்பின் ‘ஹிஸ்’ ஒலிக்கும் பாட்டின் உச்சத்துக்கும் இடையே 60 டெசிபெலை ஒட்டிய இடைவெளிதான் கிடைக்கும். இன்று இரண்டு மைக் செருகும் சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் 100 டெசிபெலைத் தாண்டித் தருகிறது. நான்கு டிராக் கேசட்டில் இடம் போதாமல் மூன்று டிராக்கை ஒன்றாக்கி நான்காவதில் மாற்றினால், ஒவ்வொரு மாற்றலிலும் ஹிஸ் கூடும். தறி நின்ற நள்ளிரவில் கஷ்டப்பட்டுப் பிடித்த அமைதியை டேப்பே நிரப்பிவிடும்.

பழைய திரைப்பாடல்களின் இனிமை டேப்பிலிருந்து வந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது பெரிய கூடத்திலிருந்து வந்தது; பத்துப் பன்னிரண்டு வயலின்கள் ஒன்றாக இழுத்ததிலிருந்து வந்தது; ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்ற பயத்திலிருந்தும் வந்தது. அதே டேப்பை எட்டுக்குப் பத்து அறையில் கீபோர்டு முன் வைத்தால் எட்டுக்குப் பத்து அறைதான் பதிவாகும்.

அந்தப் பயத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். என் பார்வையில் டேப் மெஷினின் மெய்யான பலம் அதில்தான் இருக்கிறது. எட்டே டிராக் என்றால் ஒன்பதாவது யோசனைக்கு இடமில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று பதியும்போதே முடிவு செய்தாக வேண்டும். சுரத்தை மௌஸால் இழுத்துச் சரிசெய்ய முடியாது. பாடகர் திரும்பப் பாட வேண்டும். திரையில் அலைக்கோடுகளைப் பார்த்துப் பாட்டைத் திருத்தும் பழக்கம் போய், காதால் கேட்டுத் திருத்தும் பழக்கம் வருகிறது. கம்ப்யூட்டர் வழியாகக் கேட்கும்போது வரும் நுண்ணிய தாமதமும் இதில் இல்லை. கம்ப்யூட்டரில் நாற்பது டிராக்கைத் திறந்துவைத்து எதையும் முடிக்காமல் விட்டவர்கள் டேப்புக்குப் போனதும் மளமளவென்று பாட்டுகளை முடித்தார்கள் என்றால் அதை நான் நம்புகிறேன்.

ஆனால் இந்த ஒழுக்கத்துக்கு மெஷின் எதற்கு? கம்ப்யூட்டரில் எட்டு டிராக்குக்கு மேல் திறப்பதில்லை, ஒரு பாட்டை மூன்று முறைக்கு மேல் பாடிப் பதிவதில்லை, திரையை அணைத்துவிட்டுக் கேட்பது என்று முடிவெடுக்கச் செலவு ஏதுமில்லை. மனம் கட்டுப்படாது, கருவிதான் கட்டுப்படுத்த வேண்டும் என்பவருக்கு, பெரிய திரை இல்லாத சின்ன டிஜிட்டல் மல்டிடிராக் ரெக்கார்டர்கள் கடையில் கிடைக்கின்றன.

செலவை ஊர்க் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். வட தமிழகத்தில் பாரதக் கூத்து இரவெல்லாம் நடக்கும். எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 2500 அடி ரீல் ஒன்று 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம் ஓடும். ஒரு ராத்திரிக் கூத்துக்கு 15 ரீல். புதிய டேப்பைப் பிரான்ஸில் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ், அமெரிக்காவில் ஏடிஆர் மேக்னெட்டிக்ஸ் என விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே இன்றும் செய்கின்றன. அரை அங்குல ரீல் ஒன்று நூறு டாலருக்கு மேல். சரக்குக் கட்டணமும் சுங்கமும் சேர்ந்தால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். ஆக டேப்புக்கு மட்டும் ஒன்றரை இலட்சம். அந்த இரவு ஆடும் குழுவுக்கு ஊர் கொடுக்கும் சம்பளத்தை நினைத்துப் பார்த்தால் இந்தத் தொகை கூச்சம் தருகிறது. அதே எட்டு மணி நேரத்தை எட்டு டிராக்கில், 24 பிட் தரத்தில் டிஜிட்டலாகப் பதிந்தால் 33 ஜிபிதான் வரும். விரல் நகம் அளவு மெமரி கார்டில் அடங்கும். டேப்பை அழித்துத் திரும்பவும் பயன்படுத்தலாமே என்பார்கள். பயன்படுத்தலாம், அப்படியானால் போன வருஷக் கூத்து போயிற்று.

மெஷினின் விலை தனி. கால் அங்குல டேப்பில் எட்டு டிராக்கும் மிக்ஸரும் ஒன்றாக அமைந்த டாஸ்காம் 388-ஐ 1980களில் வீட்டுக்காரர்களை நினைத்துத்தான் செய்தார்கள். இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்று வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. இதைவிடக் கவலைக்குரியது, வாங்கிய பிறகு வரும் பராமரிப்பு.

அமெரிக்காவிலிருந்து வரும் மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்டேஜ் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. டீயாக் 3340 போன்ற பழைய மெஷின்களில் டேப்பை இழுக்கும் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பின்தொடர்வது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். வெளியூரில் சரியான வேகத்தில் பதிந்த டேப்பை இதில் போட்டால், ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிக் கேட்பார். அதே மெஷினிலேயே பதிந்து அதிலேயே கேட்டால் சுருதி மாறாது. ஆனால் வேகம் குறைந்ததால் மேல்சுரத்தின் தெளிவு குறையும். டிசி மோட்டார் வைத்த பிற்கால மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். வாங்குபவர்தான் கேட்க வேண்டும். இன்வர்ட்டரில் ஓட்டிக்கொள்ளலாம் என்பவர், அது சைன் வேவ் இன்வர்ட்டர்தானா என்று முதலில் பார்க்கட்டும். சதுர அலை இன்வர்ட்டரில் மோட்டார் முனகும், அந்த முனகல் பதிவிலும் ஏறும்.

நெசவு ஊருக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: பஞ்சு. தறி ஓடும் தெருவில் பஞ்சுத் தூசி காற்றோடு கலந்திருக்கும். டேப் ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவே தூசியின் ஒரு இழை புகுந்தாலும் அந்த நொடி மேல்சுரம் மறைந்துவிடும். எட்டு டிராக்கைக் கால் அங்குலத்துக்குள் அடுக்கிய மெஷினில் ஒவ்வொரு டிராக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓரத்து டிராக்குகள்தாம் முதலில் அடிவாங்கும். ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைக்க வேண்டும். ரப்பர் ரோலரைத் தனியாகத் துடைக்க வேண்டும். அவ்வப்போது ஹெட்டில் ஏறிய காந்தத்தை நீக்க வேண்டும். அளவு டேப் ஒன்றை வைத்து ஒவ்வொரு டிராக்கையும் சரிசெய்ய வேண்டும். இத்தனையும் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். காய்ந்துபோன கெப்பாசிட்டரும் இளகிப்போன பெல்ட்டும் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். எட்டு டிராக் ஹெட் தேய்ந்துவிட்டால் ரிச்சி தெருவும் கைவிரித்துவிடும். திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. ஆனால் இந்தக் கனத்தை அதில் ஏற்றி, ரிப்பேர் தெரிந்தவர் யார் என்று தெருத்தெருவாகக் கேட்டு அலைவதை ஆசைப்படும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டேப்பின் பக்கம் நின்று பேசியவர்களில் நான் மதிப்பவர் சிகாகோவில் எலக்ட்ரிகல் ஆடியோ ஸ்டுடியோவை நடத்தி, 2024-இல் மறைந்த ஸ்டீவ் அல்பினி. அவர் வாதம் கதகதப்பைப் பற்றியது மட்டுமில்லை, ஆயுளைப் பற்றியது. டிஜிட்டல் கோப்பு வடிவங்கள் மாறும், மென்பொருள் சாகும், டேப்பை ஐம்பது ஆண்டு கழித்தும் ஓட்டலாம் என்றார். இதில் பாதியை மறுக்க முடியாது. இருபது ஆண்டுக்கு முன் நல்ல விலைக்கு வாங்கிய ஃபயர்வயர் இன்டர்ஃபேஸைச் செருக இன்றைய லேப்டாப்பில் துளையே இல்லை; 1980-இல் செய்த டேப் மெஷினில் இன்று வாங்கிய மைக்கை மிக்ஸர் வழியாகச் செருகலாம். மறு பாதியைத்தான் நம் ஊர்க் காற்று ஒப்புக்கொள்ளாது. 1970களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப்களில், காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிற்று. ஓட்டினால் ஹெட்டில் பிசின்போல் ஒட்டும், கீச்சிடும், நின்றுவிடும். அவற்றை 54 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் சில வாரங்கள் ஓடும். அதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். திருத்தணி மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர்தான். ஆனாலும் இந்த வேலைக்கு மொட்டை மாடி உதவாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டேப்பைக் காக்க ஏசி அறை வேண்டும், அந்த ஏசிக்கு ஓயாத மின்சாரம் வேண்டும். கோப்பையோ நான்கு இடத்தில் நகலெடுத்து வைக்கலாம். டேப்பை நகலெடுத்தால் ஒவ்வொரு நகலும் ஒரு படி தேயும்.

பல டிராக்கில் பதிவது இந்த எல்லையோர ஊர்களுக்கு உண்மையாகவே பயன்படும் என்பதை மறுக்கவில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைத் திருத்தத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆனால் ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் கூட்டம் அன்றும் இன்றும் இரண்டு மொழியில் முருகனைக் கூப்பிடுகிறது. நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கில் பாடிக்கொண்டு காவடிகள் வருகின்றன. ஒரு முறை மேளமும் ஆர்மோனியமும் பதிந்துவிட்டு, அதன்மேல் தமிழ்க் குரலை ஒரு டிராக்கிலும் தெலுங்குக் குரலை இன்னொரு டிராக்கிலும் ஏற்றினால் ஒரே செலவில் இரண்டு பாட்டு. வீட்டு ஸ்டுடியோக்காரர் பிழைக்க இது நல்ல வழி. ஆனால் இதற்கு வேண்டியது டிராக். டேப் இல்லாமலே இது நடக்கும். அடுத்த ஆண்டு பழைய மேளத்தைத் திறந்து புதுக்குரல் போட வேண்டும் என்றால், ரீலைத் தேடுவதைவிடக் கோப்பைத் திறப்பது எளிது.

அப்படியானால் அம்மையார்குப்பத்தில் டேப் மெஷினுக்கு வேலையே இல்லையா? ஒரு வேலை இருக்கிறது. அதற்கு ரீல் மெஷினும் எட்டு டிராக்கும் வேண்டாம்.

1980களிலும் 90களிலும் இந்தப் பக்கத்துக் கூத்து, நாடகம், பஜனை, ஊர்ப் பெரியவர் பேச்சு எல்லாம் கேசட்டில் பதிவாயின. 90 நிமிடக் கேசட் ஆறு இருந்தால் ஓர் இரவுக் கூத்து முழுவதும் அடங்கும். பெரிய நிறுவனம் எதுவும் அவற்றை வெளியிடவில்லை. ஒலிபெருக்கிக்காரரின் பெட்டியிலும் வாத்தியார் வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன. 1982-இல் தொடங்கி இப்போது குருகிராமில் இருக்கும் இன இசையியல் ஆவண மையம் போன்ற இடங்கள் ஆய்வாளர்களின் களப்பதிவுகளைச் சேர்த்து வைக்கின்றன. வாத்தியார் வீட்டுப் பரணுக்கு அவர்கள் ஏறி வரப்போவதில்லை.

இந்த இடத்தில் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டருக்கு, அதைச் செய்தவர்கள் நினைக்காத ஒரு பயன் இருக்கிறது. சாதாரணக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கோடு, மறு பக்கத்துக்கு இரண்டு கோடு. நான்கு டிராக் ஹெட் நான்கையும் ஒரே நேரத்தில் படிக்கும். இரண்டாம் பக்கம் தலைகீழாக வரும், கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ளலாம். 90 நிமிடக் கேசட் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓர் இரவுக் கூத்தை நாலரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். போர்ட்டாஸ்டுடியோக்கள் பெரும்பாலும் இரட்டை வேகத்தில் ஓடுபவை. டாஸ்காம் 424 போன்ற மாடல்களில் சாதாரண வேகமும் உண்டு. அப்படிப்பட்டதையே வாங்க வேண்டும். இரட்டை வேகத்தில் ஓட்டி இன்னும் நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்ற பேராசை வேண்டாம். ஒலியின் சமநிலை கெடும். இரைச்சல் குறைப்பு சுவிட்சை அணைத்துவைக்க வேண்டும். ஹெட்டின் கோணத்தை ஒவ்வொரு கேசட்டுக்கும் சிறு திருகால் சரிசெய்து, குரல் எங்கே தெளிகிறது என்று காதால் கேட்டு நிறுத்த வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் கோணம் ஒத்துவராத கேசட்டைப் பக்கம் பக்கமாகவே ஓட்டுவது நல்லது. பழைய கேசட்டில் ஹெட்டோடு டேப்பை அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருக்கும். திருகு போட்ட புதிய ஓட்டுக்குள் டேப்பை மாற்றிவிட்டால் ஓடும். நான்கு டிராக் கிடைக்காவிட்டால் நல்ல நிலையில் உள்ள சாதாரணக் கேசட் டெக்கே போதும், நேரம்தான் இரட்டிப்பாகும்.

என் தீர்ப்பு இதுதான். பாட்டுப் பதிய இரண்டு மைக்கும் ஒரு இன்டர்ஃபேஸும் வாங்குங்கள். மீதிப் பணத்தில் தறிச் சத்தம் உள்ளே வராமல் ஜன்னலையும் கதவையும் அடையுங்கள். எந்த ரெக்கார்டரையும்விட அது ஒலியை அதிகம் மாற்றும். ஸ்பூல் சுற்றுவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே எட்டு டிராக் வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கட்டும். சந்தோஷத்துக்கு வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை. டேப் மெஷின் என்று ஒன்று அவசியம் வாங்கத்தான் வேண்டும் என்றால், அது பழைய கேசட்டைப் படிக்கும் மெஷினாக இருக்கட்டும். வீட்டில் கூத்துக் கேசட் வைத்திருப்பவர்கள் அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் கேட்கும் குரல் யாருடையது, எந்த ஊர்த் திருவிழா, எந்த வருஷம் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, உறையின்மேல் எழுதிவிட்டு, மிகப் பழைய கேசட்டிலிருந்து மாற்றத் தொடங்குங்கள்.